வயிற்றுப்போக்கு: கிராமப் பணிக்கு வரும் இளம் மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேரும் மருத்துவர்களோடும் செவிலியர்களோடும் ஆண்டுதோறும் கிராமங்களுக்குப் போகிறேன். கை கழுவுவதையோ காய்ச்சல் மருந்தின் அளவையோ நான் அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் வயிற்றுப்போக்குள்ள குழந்தையின் தாயிடம் பேசும்போது, நான் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்கிறார்கள்.

கரைத்துக் காட்டாமல் பொட்டலத்தைக் கொடுத்தனுப்புதல்

பணியில் சேர்ந்த முதல் கோடையில், பதினொரு மாதக் குழந்தையோடு வந்த ஒரு தாயிடம் இரண்டு ஓ.ஆர்.எஸ். (பேதியில் இழந்த நீரை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலங்களைக் கொடுத்து, "ஒரு லிட்டர் தண்ணியில கலந்து குடும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். மறுநாள் மாலை அந்தக் குழந்தை தீராத தாகத்தோடும் ஓயாத அழுகையோடும் திரும்பி வந்தது. அதன் தோல் தொடுவதற்குப் பிசைந்த மாவைப் போல் இருந்தது. இவ்வளவு சிறிய குழந்தை ஒரு லிட்டரா குடிக்கும் என்று எண்ணி, அந்தத் தாய் முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கியிருந்தார்.

ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் 20.5 கிராம் தூள் இருக்கிறது, அதில் 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். குடல் சுவரைக் கடக்கும் குளுக்கோஸ் தன்னோடு உப்பையும் அழைத்துச் செல்ல, பின்னாலேயே தண்ணீரும் செல்கிறது. அதே தூளை 200 மி.லி.யில் கரைத்தால் கரைசல் ஐந்து மடங்கு செறிவாகி, உடம்பிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். பேதி கூடும், இரத்தத்தில் உப்பு ஏறும், வலிப்பும் வரலாம். அந்தக் குழந்தை மாவட்ட மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்து பிழைத்தது.

நோயாளிச் சீட்டில் "ஓ.ஆர்.எஸ். அறிவுறுத்தப்பட்டது" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அந்தத் தாய்க்கு அது விளங்கியதா என்று அந்தச் சீட்டில் எங்கேயும் எழுதியிருப்பதில்லை. வீட்டில் எந்தப் பாத்திரத்தில் கலக்குவார் என்று கேளுங்கள். காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, உங்கள் கண்முன் அவரையே கலக்கச் சொல்லுங்கள். 200 மி.லி.க்கான சிறிய பொட்டலங்களும் கடைகளில் கிடைப்பதால், கையில் இருப்பது எது என்பதையும் காட்டிக் கொடுங்கள். தாய் நூறு நாள் வேலைக்குப் போகிறவர் என்றால், பகலில் ஊட்டப்போகும் பாட்டியும் உடன் இருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியானதும் 50 முதல் 100 மி.லி. வரை கொடுக்கலாம், வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடரலாம். மிஞ்சியதை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிட வேண்டும்.

1971இல் வங்கதேச அகதிகளுக்காக மேற்கு வங்கத்தில் இருந்த பன்காவ் முகாமில், நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்து ஊட்டச் செய்தார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த காலரா இறப்பு அங்கே 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஆனால் அங்கே கரைசலை அளந்து கலந்தவர்கள் மருத்துவக் குழுவினர். நம் ஊரில் அந்த வேலையும் தாயின் கைக்கே போகிறது.

ஜிங்க் மாத்திரையை மூன்றாம் நாள் நிறுத்தவிடுதல்

ஓ.ஆர்.எஸ்.ஸோடு சேர்த்துக் கொடுக்கும் ஜிங்க் (துத்தநாக) மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும்.

பழச்சுவைப் பானத்தை ஓ.ஆர்.எஸ். என்று நம்பவிடுதல்

சர்க்கரை மிகுந்த பானங்களின் பெயரில் "ஓ.ஆர்.எஸ்." என்ற சொல் வரக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆனாலும் பெட்டியில் வரும் பானமே உயர்ந்தது என்ற எண்ணம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆகவே தாய் எதை வாங்கினார் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

பாலையும் சோற்றையும் நிறுத்தச் சொல்லுதல்

நிறுத்தச் சொல்லாதீர்கள்.

எப்போது திரும்பி வர வேண்டும் என்று சொல்லாமல் விடுதல்

கண் குழிந்துபோதல், குடிக்க முடியாமை, அசதியாகக் கிடத்தல், மலத்தில் இரத்தம் ஆகிய நான்கையும் தாய் தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை அனுப்பக் கூடாது. இரவில் 108ஐ அழைக்க அந்த வீட்டில் யாரிடம் கைபேசி இருக்கும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.