நிறையும் எடையும்: கணக்கில் சறுக்கும் இடங்கள்

"என் எடை 60 கிலோ" என்று பேச்சுவாக்கில் சொல்வதில் ஒரு கெடுதலும் இல்லை. கணக்குப் போட உட்காரும்போதுதான் சிக்கல். 60 கிலோகிராம் என்பது நிறை, அதாவது உடலில் உள்ள பொருளின் அளவு. அந்த நிறையைப் பூமி இழுக்கும் விசைதான் எடை. அதன் அலகு நியூட்டன். நிறையைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8 மீ/வி²-ஆல் பெருக்கினால் எடை கிடைக்கும்: 60 × 9.8 = 588 நியூட்டன். கயிற்றில் 50 கிலோ சுமை அசையாமல் தொங்குகிறது, இழுவிசை எவ்வளவு என்று கேட்டால், பலர் 50 என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சரியான விடை 490 நியூட்டன். இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: கேள்வியிலேயே "எடை 490 நியூட்டன்" என்று இருக்கும், அதை மறுபடியும் 9.8-ஆல் பெருக்கிவிடுவார்கள். எண்ணைத் தொடுவதற்கு முன் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள்.

இந்தக் குழப்பத்துக்கு மின்னணுத் தராசுக்கும் பங்கு உண்டு. திரையில் கிலோகிராம் என்று காட்டினாலும் அது உண்மையில் அளப்பது விசையைத்தான். தட்டுக்குக் கீழே 'லோடு செல்' என்ற உலோகத் துண்டு இருக்கிறது. சுமை வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும். மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியின் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை, தராசைச் சரிபார்த்த இடத்து ஈர்ப்பை வைத்துக் கிலோகிராமாக மாற்றிக் காட்டுகிறார்கள். புவியீர்ப்பு முடுக்கமோ எங்கும் ஒன்றல்ல: நிலநடுக்கோட்டில் சுமார் 9.780, துருவத்தில் சுமார் 9.832 மீ/வி². நிலநடுக்கோட்டில் சரிசெய்த தராசைத் துருவத்துக்குக் கொண்டுபோனால் 1 கிலோ பொருளுக்கு ஏறக்குறைய 1,005 கிராம் காட்டும். பொருளின் நிறையில் ஒரு துளிகூட மாறவில்லை. ஆகவே துல்லியத் தராசை வேறு ஊருக்கு மாற்றினால், அங்கேயே மறுபடி சரிசெய்ய வேண்டும்: நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்கும்படி கால்களைத் திருகி, தராசு சூடேறி நிலைப்படும்வரை காத்திருந்து, வெறும் தட்டில் பூஜ்ஜியம் வைத்து, பிறகு தரச்சான்றுள்ள எடைக்கல்லை வைத்துச் சரிபார்க்க வேண்டும். இரண்டு தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஈர்ப்பு கூடினாலும் குறைந்தாலும் இரு பக்கமும் ஒரே அளவில் மாறுவதால் அது நிறையையே ஒப்பிடுகிறது. நிலாவில் 60 கிலோ மனிதர் மின்னணுத் தராசில் ஏறினால் சுமார் 10 கிலோ காட்டும். தட்டுத் தராசில் 60 கிலோவேதான்.

நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதானே, கனமான பெட்டியைத் தள்ளுவதும் அவ்வளவு எளிது என்று எண்ணுவது அடுத்த தவறு. தூக்குவது எளிதுதான். ஆனால் உராய்வில்லாத தளத்தில் 100 கிலோ பெட்டியை 1 மீ/வி² முடுக்க, பூமியானாலும் நிலாவானாலும் 100 நியூட்டன் விசை வேண்டும். ஒரே வேகத்தில் வந்து மோதினால் அடியும் ஒன்றுதான். நிலைமம், அதாவது அசைவில் வரும் மாற்றத்தை எதிர்க்கும் தன்மை, நிறையைச் சார்ந்தது, எடையை அல்ல.

மிக ஆழமாக வேரோடிய தவறு ஒன்று உண்டு: விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பே இல்லை என்பது. அது பறப்பது சுமார் 400 கி.மீ. உயரத்தில். தூரத்தைப் பூமியின் மையத்திலிருந்து அளக்க வேண்டும்: தரையில் 6,371 கி.மீ., நிலையத்தில் 6,771 கி.மீ. தூரத்தின் இருமடிக்கு ஏற்ப ஈர்ப்பு குறைவதால், அங்கே முடுக்கம் சுமார் 8.7 மீ/வி², தரையில் உள்ளதில் ஏறத்தாழ 89 விழுக்காடு! பிறகு ஏன் மிதக்கிறார்கள்? நிலையமும் அதிலுள்ள மனிதர்களும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் நொடிக்கு 7.6 கி.மீ.க்கும் அதிகமான வேகம் இருப்பதால் தரை வளைந்து விலகிக்கொண்டே போகிறது. காலைத் தாங்கும் தளம் இல்லை, அதனால் தராசில் பூஜ்ஜியம். அங்கே உடல் நிறையை அளக்க, அறிந்த விசையால் இழுத்து எவ்வளவு முடுக்கம் வருகிறது என்று பார்க்கிறார்கள்.

லிஃப்டிலும் இதே கதைதான். 2 மீ/வி² முடுக்கத்தோடு மேலே கிளம்பும்போது 60 கிலோ மனிதரைத் தளம் 60 × 11.8 = 708 நியூட்டனால் தாங்குகிறது; தராசு 72 கிலோ காட்டும். சீரான வேகத்தில் போகும்போது மீண்டும் 60. பூமியின் இழுவை முழு நேரமும் அதே 588 நியூட்டன்தான்.

கனமான பொருள் வேகமாக விழும் என்பதும் லேசில் போகாத நம்பிக்கை. 5 கிலோ கல்லை இழுக்கும் விசை 49 நியூட்டன், 1 கிலோவை இழுப்பது 9.8. விசை ஐந்து மடங்கு, அசைக்க வேண்டிய நிறையும் ஐந்து மடங்கு. வகுத்தால் முடுக்கம் ஒன்றே. வித்தியாசம் தெரிந்தால் அது காற்றின் வேலை. 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலாவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன.

கடைசியாக, ஈர்ப்பு மாறிலியையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். முன்னது எந்த இரு நிறைகளுக்கும் இடையிலான ஈர்ப்பு விசையைக் கணக்கிடப் பயன்படும் எண்: 6.674 × 10⁻¹¹ நியூட்டன் மீ²/கி.கி², அண்டம் முழுக்க ஒன்றே. அதைப் பூமியின் நிறையான 5.97 × 10²⁴ கிலோகிராமால் பெருக்கி, 6,371 கி.மீ.யை மீட்டராக்கி அதன் இருமடியால் வகுத்தால் சுமார் 9.8 வரும். மீட்டராக்க மறந்தால் விடை பத்து லட்சம் மடங்கு பெரிதாகிவிடும்.