கரண்ட் இல்லாத நாள்ல வாக்கிங், சமையல்: நாம பண்ற தப்புங்க

கரண்ட் போன அன்னைக்கு சாப்பாடு கெட்டுச்சா இல்லையான்னு மோந்து பாத்து முடிவு பண்றதுதான் நம்ம வீடுகள்ல நடக்குற பெரிய தப்பு. ஊசிப்போன வாடை ஒரு வகை கிருமியால வர்றது, வாந்தி பேதி கொண்டு வர்ற கிருமிங்க பல நேரம் வாடையும் காட்டாது ருசியும் மாறாது. பாக்க வேண்டியது கடிகாரத்தை. சமைச்ச பண்டம் 5 டிகிரிக்கு மேல 60 டிகிரிக்குக் கீழ இருக்குற சூட்டுல 2 மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது, வெளி வெயில் 32 டிகிரி தாண்டிட்டா 1 மணி நேரம்தான். சித்திரை மாசத்துல காரைக்குடியில ஃபேன் ஓடாத அடுப்படி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

கதவைத் திறக்காத ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும். காலையில 9 மணிக்கு ஷட்டவுன்னா மதியம் 1 மணி வரைக்கும், அதுவும் யாரும் திறக்காம இருந்தா. நாம எங்க விடுறோம், தண்ணிக்கு ஒரு தடவ, மோருக்கு ஒரு தடவ, கரண்ட் வந்துருச்சா லைட் எரியுதான்னு பாக்க ஒரு தடவ! 1 மணிக்கு மேல அதுல இருக்குற மீன், கறி, பால், நேத்து வச்ச குழம்பு எதையும் நம்பாதீங்க. நாட்டுக்கோழி குழம்பு மறுநாள்தான் ருசின்னு ஆச்சிமார் சொல்றது நிசம்தான், ஆனா ராத்திரி பூரா அடுப்பு மேலயே கிடந்த குழம்புக்கு அது பொருந்தாது.

அடுத்தது "நல்லா கொதிக்க வச்சுட்டா சரியாயிரும்"ங்கிறது. சோத்துல பேசிலஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா, அதோட வித்து வேக வச்சாலும் சாகாது, சோறு வெதுவெதுன்னு கிடக்கும்போது பெருகி நஞ்சை விட்டுரும், வாந்தி எடுக்க வைக்கிற அந்த நஞ்சு திரும்ப சூடு பண்ணாலும் போகாது. வாக்கிங் குரூப்ல ஞாயித்துக்கிழமை நடந்து முடிச்சுட்டு சேந்து டிபன் சாப்புடுற பழக்கம் இருந்தா இதைக் கவனிக்கணும், விடிகாலை கரண்ட் இருக்காதுன்னு முந்தின ராத்திரியே தேங்கா சட்னி அரைச்சு, லெமன் சாதம் கிளறி வெளிய வச்சு எடுத்துட்டு வர்றதுதான் வம்பு. அம்மியில வரமிளகா துவையல் அரைங்க, இட்லிப்பொடி இருக்கு, வத்தக்குழம்பை அப்பவே சூடா வைங்க, கேஸ் அடுப்புக்கு கரண்ட் எதுக்கு? மாவு புளிச்சா பயப்பட வேண்டாம், பணியாரமா ஊத்திரலாம்.

மோட்டார் ஓடாதுங்கிறதை பல பேரு மறந்துடுறாங்க. முந்தின நாளே அண்டாவுல தண்ணி பிடிச்சு வைங்க, தண்ணி இல்லன்னு கையை சோப்பு போடாம துணியில துடைச்சுட்டு பரிமாறுனா மத்ததெல்லாம் பாத்து பாத்து பண்ணியும் வீண்.

நடைக்கு வருவோம். தெருலைட் இல்லாத 5 மணி இருட்டுல ஊருணிக் கரையில செல்போன் வெளிச்சத்தை நம்பிப் போகாதீங்க, பாம்பு இருக்கும், நாய் இருக்கும். விடிஞ்சப்புறம் போங்க, யாரும் கேக்கப் போறதில்ல. காத்து மழைக்கு அறுந்து கிடக்குற வயர்ல பொறி பறக்கலன்னா கரண்ட் இல்லன்னு அர்த்தம் கிடையாது, ஷட்டவுன் நேரம்னாலும் தாண்டிப் போகாம தள்ளி நின்னு மின்வாரியத்துக்கு போன் போடுங்க. புழுக்கத்துல தூங்காத ராத்திரிக்கு மறுநாள் பாதயாத்திரைக்கு பழகுறேன்னு வேகமா நடக்குறதும் வேண்டாம்.

சுகர் உள்ளவங்க இன்சுலின் ஊசி போட்டுட்டு வெறும் வயித்துல நடக்கக் கூடாது, சுகர் ரொம்ப இறங்கிட்டா வாயில போட பையில மிட்டாய் இருக்கட்டும். ஃபிரிட்ஜ் ஓடலன்னு இன்சுலினை ஐஸ்கட்டி மேல வைக்கிறாங்க பாருங்க, அது உறைஞ்சா திரும்ப உருகுனாலும் தூக்கித்தான் போடணும். நனஞ்ச மணல்ல மண்பானையை வச்சு, உள்ள ஒரு டப்பாவுல போட்டு வச்சாலே போதும்.

ஜெனரேட்டர், கரி அடுப்பு விஷயத்துல இன்னும் கவனம். முற்றம் திறந்து கிடந்த காலத்துல வளவுல, அதாவது முற்றத்தைச் சுத்தி இருக்குற பகுதியில, அடுப்பு வச்சா புகை மேல போயிரும். இப்ப பல வீட்டுல முற்றத்துக்கு மேல ஷீட் போட்டு மூடியாச்சு, அதுக்குக் கீழ ஜெனரேட்டரை ஓட விட்டா கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயு வீட்டுக்குள்ளயே சுத்தும், அதுக்கும் வாடை கிடையாது. வீட்டுக்கு வெளிய, ஜன்னல்லேர்ந்து நல்லா தள்ளித்தான் வைக்கணும்.

வீட்டைப் பூட்டிட்டு சென்னைக்குப் போய்ட்டு வர்றவங்களுக்கு ஒண்ணு. நிறைஞ்ச ஃப்ரீசர் மூடியே இருந்தா 48 மணி நேரம், பாதி நிறைஞ்சது 24 மணி நேரம் தாங்கும், அதனால காலி இடத்துல தண்ணி பாட்டிலை வச்சு நிரப்புங்க. நீங்க இல்லாதப்ப எவ்வளவு நேரம் கரண்ட் போச்சுன்னு தெரிய, ஒரு கிண்ணத்துல தண்ணி ஊத்தி உறைய வச்சு மேல ஒரு ரூபா காசை வச்சுட்டுப் போங்க. திரும்பி வரும்போது காசு மேலயே இருந்தா பரவால்ல, அடியில இறங்கி உறைஞ்சிருந்தா நடுவுல எல்லாம் உருகித் திரும்ப கட்டியாயிருக்குன்னு அர்த்தம். அப்ப ஆட்டுக்கறி கிலோ என்ன விலைன்னு கணக்குப் போட்டுக்கிட்டு நிக்காம தூக்கிப் போட்டுருங்க.