தழும்பைப் பார்ப்பவர்கள் பார்க்கத் தவறுவது

பைக்கிலிருந்து விழுந்து கன்ன எலும்பும் கண்குழியும் உடைந்து, பிளேட் வைத்து ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தழும்பு தெரியுமா?" கண் தெரிகிறதா என்று கேட்பவர் குறைவு.

பெரிய தவறு அங்கேதான் ஆரம்பம். வலி கூடினால் வீட்டார் 'ஆபரேஷன் பண்ணியிருக்கே, வலிக்கத்தான் செய்யும்' என்று இன்னொரு மாத்திரையைக் கொடுத்து விடியட்டும் என்று காத்திருப்பார்கள். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்தால் அது வெளியேற வழியில்லை, சுற்றிலும் எலும்பு. அழுத்தம் ஏறி, பார்வை நரம்புக்கு ரத்தம் போவது தடைபடும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் இப்படியே போனால் பார்வை திரும்புவது கடினம். கண் முன்னே பிதுங்குவது, இமை கல்போல இறுகுவது, பார்வை மங்குவது, இதில் எது தெரிந்தாலும் நடுராத்திரியானாலும் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். இமையின் ஓரத்தை வெட்டி அழுத்தத்தை இறக்குவது, டாக்டர் படுக்கையிலேயே வைத்துச் செய்யக்கூடிய காரியம்.

இரண்டு கண்ணையும் திறந்துவைத்து 'நல்லா தெரியுது' என்பதை நம்பாதீர்கள். நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். நல்ல கண்ணைப் பொத்தி, அடிபட்ட கண்ணால் விரல்களை எண்ணச் சொல்லுங்கள். கட்டுப் போட்டிருந்தால் நீங்களே அவிழ்க்க வேண்டாம், நர்ஸிடம் சொல்லுங்கள்.

அப்புறம், மூக்குச் சிந்துவது. கண்குழிக்கு நேர் கீழே, மூக்கோடு சேர்ந்த சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. உடைந்த இடம் ஆறுவதற்குள் அழுத்திச் சிந்தினால் காற்று கண் பக்கம் ஏறி இமை சட்டென்று உப்பிவிடும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை மூக்கை ஒற்றி எடுப்பதோடு நிறுத்துங்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மலாம்.

இரட்டையாகத் தெரிவது பலருக்கு வீக்கம் வடிய வடியக் குறையும். குறையாமல் நின்றாலோ கூடினாலோ டாக்டரிடம் போக வேண்டும். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது. ஒரு லாரி இரண்டாகத் தெரியும்போது எதிலிருந்து விலகுவீர்கள்?

'கண்ணைத் திறந்துகிட்டே தூங்குறார்' என்று சிரிப்பார்கள். சிரிக்கும் விஷயமில்லை. முக நரம்பு பாதித்தாலோ கீழ் இமை இழுபட்டாலோ கண் முழுதாக மூடாது. கருவிழி காய்ந்து புண்ணாகும். டாக்டர் தரும் களிம்பைப் போட்டு, அவர் காட்டித்தரும் விதத்தில் டேப்பால் இமையை மூடித் தூங்க வேண்டும். சிவந்துவிட்டதே என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் புண் இன்னும் ஆழமாகலாம். விளக்கெண்ணெய், தாய்ப்பால் விடுவதும் வேண்டாம்.

கன்னமும் மேலுதடும் மரத்துப்போயிருந்தால் அது வேறு நரம்பு. மெல்லத்தான் தேறும், மாதக்கணக்கு ஆகலாம்.