கட்டத்துக்குள் கரைந்துபோகும் ஆறு: சுமை இடப்பெயர்வுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலத்தடி நீர், ஆற்றுநீர், காற்றழுத்தம், கடல்நீர் எல்லாம் அழுத்துவதால் தரை மில்லிமீட்டர் கணக்கில் இறங்கி ஏறுகிறது; இதுவே சுமை இடப்பெயர்வு. நிலையத்தின் ஜிபிஎஸ் அளவீட்டுத் தொடரிலிருந்து அதைக் கழிக்கப் பலரும் எடுப்பது 0.5° கிரிட் கோப்பு, அதாவது புவியை அரை டிகிரிக் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஒரு மதிப்பு தரும் கோப்பு. கழித்த பிறகு சிதறல் கூடினால், ஆன்டெனாவின் மேல் பழிபோடுமுன் கிரிட்டைப் பாருங்கள்.

அமேசான் படுகையின் மனாவுஸில் ஆற்று மட்டம் ஓராண்டுக்குள் 10 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். அங்குள்ள ஜிபிஎஸ் நிலையம் 5 செ.மீ.க்கு மேல் மேலும் கீழும் அசைகிறது. நிலநடுக்கோட்டருகே 0.5° கட்டம் என்பது ஏறத்தாழ 55 கி.மீ. சதுரம். அதன் குறுக்கே 5 கி.மீ. அகல ஆறு 10 மீட்டர் உயர்ந்தால் 2.75 கன கி.மீ. நீர். அதைக் கட்டம் முழுக்கப் பரப்பினால் வெறும் 0.9 மீட்டர். மொத்த எடை மாறவில்லை, 500 கி.மீ. தள்ளியுள்ள நிலையத்துக்கு வித்தியாசமே தெரியாது. கரையிலேயே நிற்கும் நிலையத்துக்கோ விடை தவறிவிடும். சுமைக்கான கிரீன் சார்பு (ஓரிடத்துச் சுமை குறிப்பிட்ட தூரத்தில் தரையை எவ்வளவு அசைக்கும் என்று சொல்லும் சார்பு), நெருங்க நெருங்க, தூரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் வளர்வதே காரணம். கிடைமட்ட அசைவில் திசையே புரளலாம். நிலையத்தைச் சுற்றி 50–100 கி.மீ.க்கு நுண்ணிய கரை வரைபடமும் ஆற்று மட்ட அளவீடும் வைத்துத் தனியே கணக்கிடுங்கள். கிரிட்டில் அந்த நீர் ஏற்கெனவே இருந்தால் முதலில் நீக்குங்கள், இல்லையேல் இருமுறை எண்ணுவீர்கள். நிலத்து நீரைக் கணிக்கும் ஜிஎல்டிஏஎஸ் நோவா கணினி மாதிரியில் அந்தக் கவலை இல்லை: மண் 2 மீட்டரோடு முடிகிறது, அதற்குக் கீழே நிலத்தடி நீர் கிடையாது, ஆறும் கிடையாது!

சரி, ஈர்ப்பு மாற்றத்திலிருந்து நீரின் நிறையை அளக்கும் கிரேஸ் செயற்கைக்கோள் தரவு? அதிலிருந்து நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் தரும் மாஸ்கான் (நிறைத் துண்டு) கோப்பு 0.5° கட்டங்களில் வருகிறது. உள்ளிருக்கும் அலகு 3°, அதாவது 300 கி.மீ.க்கு மேல். கட்டம் சிறுத்ததால் தகவல் பெருகிவிடாது.

கடலோரத்தில் வேறு சிக்கல். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் ஏறினால் கடல்மட்டம் சுமார் 1 செ.மீ. தாழ்ந்து ஈடுசெய்யும், கடலடித்தளம் அந்த மாற்றத்தை அநேகமாக உணராது. கரைக் கட்டத்தை முழுக்க நிலமென்று எடுத்துக்கொண்டால் இல்லாத சுமை ஏறிவிடும். இடப்பெயர்வு கிரிட்டின் நான்கு மூலைகளுக்கிடையே இடைச்செருகுவதைவிட, நிலையத்தின் ஆயத்தொலைவுகளிலேயே நேரடியாகக் கணக்கிடுவது மேல்.

இடப்பெயர்வை எங்கிருந்து அளக்கிறோம் என்ற மூலப்புள்ளியையும் கவனியுங்கள். ஒரே சுமைக்கு, நீரும் காற்றும் சேர்ந்த புவித்தொகுதியின் நிறைமையத்திலிருந்து அளந்தால் ஒரு விடை, திடப்புவி மேற்பரப்பின் வடிவமையத்திலிருந்து அளந்தால் வேறு விடை; இரண்டும் சில மி.மீ. வேறுபடும். ஐடிஆர்எஃப் என்ற பன்னாட்டு ஆயத்தொலைவுச் சட்டகத்தில் தீர்த்த ஜிபிஎஸ் தொடர் பருவகால அளவில் வடிவமையத்தையே ஒட்டிப்போகும். நிறைமையக் கோப்பைக் கழித்தால், புவிமையத்தின் ஆண்டு அசைவு (இவ்விரு மையங்களும் ஒன்றுக்கொன்று விலகி அசைவது) உங்கள் தொடருக்குள் புகுந்துவிடும்.