பீச்சில முட்டையிடுற குருவியளையும் குஞ்சுகளையும் எப்பிடிக் கண்காணிக்கிறது

சம்மரில ஒன்ராறியோவில இருக்கிற வசாகா பீச்சுக்குப் போற எங்கட ஆக்கள் கண்டிருப்பினம், மணல்ல கொஞ்ச இடத்தை மறிச்சு வேலி போட்டிருக்கும். உள்ளுக்க இருக்கிறது பைப்பிங் ப்ளவர், உப்புக்கொத்தி இனம். கனடாப் பக்கத்துப் பேரேரிக் கரையில கிட்டத்தட்ட 30 வருசமாக் கூடு வைக்காமல் இருந்து 2007 இல சோபிள் பீச்சிலயும் 2008 இல வசாகாவிலயும் திரும்ப வந்துது. வொலன்ரியரா நிண்டு பாக்க விருப்பமெண்டா இதை வாசியுங்கோ.

முதல்ல, கூட்டைத் தேடிப் போகாதேங்கோ. ஊரில ஆக்காட்டி எப்பிடி வெறும் நிலத்தில முட்டை போடுமோ இதுவும் அப்பிடித்தான், மணல்ல ஒரு சின்னக் குழி, 4 முட்டை, கூழாங்கல்லு மாதிரியே இருக்கும், மிதிச்சாத்தான் தெரியும். தள்ளி இருந்து தாய் தகப்பனைப் பாருங்கோ, ரெண்டும் மாறி மாறி அடைகாக்கும். செட்டை முறிஞ்ச மாதிரி இழுத்து இழுத்து உங்களுக்கு முன்னால ஓடினா நீங்கள் கிட்டப் போட்டியள் எண்டு அர்த்தம், உடன பின்னால வாங்கோ.

நாள் கணக்கு முக்கியம். ஒண்டு விட்ட ஒரு நாள் ஒரு முட்டை போடும், எல்லாம் போட்டு முடிச்சாப் பிறகுதான் ஒழுங்கா அடைகாக்கத் தொடங்கும், அதில இருந்து கிட்டத்தட்ட 28 நாளில குஞ்சு பொரிக்கும். அந்தத் திகதியைக் கொப்பியில வட்டம் போட்டு வையுங்கோ, ஏனெண்டா உண்மையான வேலை அண்டைக்குத்தான் தொடங்குது. பொரிச்ச குஞ்சு சில மணித்தியாலத்திலயே எழும்பி ஓடி, வேலியையும் தாண்டித் தண்ணிக் கரைக்குப் போய்ப் பூச்சி பொறுக்கும், தாய் தகப்பன் ஊட்டாது. பறக்கிறதுக்கு இன்னும் 3, 4 கிழமை செல்லும், அதுக்குள்ள கனடா டே சனமெல்லாம் வந்து இறங்கும்! தாய் அனேகமா இடையில வெளிக்கிட்டுப் போயிடும், மிச்ச நாள் தகப்பன்தான் பாக்கிறது.

ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியது: நேரம், எத்தனை பெருசு, எத்தனை குஞ்சு, எந்தப் பக்கம் போச்சுது, நாய், காகம், கடற்காகம், நரி அடி ஏதும் கண்டனியளோ. குஞ்சு ஒண்டு குறைஞ்சா உடன செத்துப்போச்சு எண்டு எழுதாதேங்கோ, தகப்பன்ர வயித்துக்குக் கீழ ஒளிச்சிருக்கும், அரை மணித்தியாலம் பாத்திட்டு கால் எத்தனை தெரியுதெண்டு எண்ணுங்கோ. கால்ல அடையாளத்துக்குப் போட்ட கலர் வளையம் இருந்தா ஸ்கோப்பால (தூரத்தில இருந்து பாக்கிற தொலைநோக்கி) வாசிக்கலாம், ஆனா இடக்கால் எண்டா குருவியின்ர இடக்கால், உங்கட இடக்கைப் பக்கம் இல்லை. நிறையப் பேர் பிழை விடுறது இதிலதான்.

சனத்தோட கதைக்கேக்க சண்டை பிடிக்காதேங்கோ, ஸ்கோப்பில ஒருக்காக் காட்டினாக் காணும், பிறகு அவையே நாயைக் கட்டுவினம். பட்டம் விடுற எங்கட பெடியளுக்குச் சொல்லத்தான் கொஞ்சம் கஷ்டம். குருவிக்கு மேல ஆடுறது பட்டமெண்டு தெரியாது, பருந்து எண்டு நினைச்சு முட்டையை விட்டிட்டு எழும்பிடும். அரை கிலோமீட்டர் தள்ளிப் போய் விடச் சொல்லுங்கோ.