பேனல் காணோம், சத்தம் வரவில்லை: லேசான லினக்ஸ் டெஸ்க்டாப்பில் உதவி பெறுவது எப்படி?

பழைய கணினிக்கு உயிர் கொடுக்க எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி, மேட்டே போன்ற லேசான டெஸ்க்டாப்பைப் போட்டிருப்பீர்கள். நன்றாகத்தான் ஓடும். திடீரென்று ஒருநாள் கீழே இருந்த பட்டை (அதுதான் பேனல்) காணாமல் போகும், அல்லது பாட்டு ஓடும், சத்தம் மட்டும் வராது. உடனே தேடுபொறியில் "லினக்ஸில் சத்தம் வரவில்லை" என்று போட்டால் ஆயிரம் பதில் வரும். அவற்றில் உங்களுக்குப் பொருந்துவது எது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். லேசான டெஸ்க்டாப் என்பது ஒரே பெரிய மென்பொருள் இல்லை, தனித்தனிச் சின்ன நிரல்கள் சேர்ந்து நிற்கும் கூட்டம். பட்டையைக் காட்டுவது ஒரு நிரல், விண்டோக்களுக்குச் சட்டம் போடுவது இன்னொன்று, பின்புலப் படத்தையும் ஐகான்களையும் வரைவது வேறொன்று. அதில் எது படுத்துவிட்டது என்று பெயரோடு தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது, மீதிக்கு யாரிடம் கேட்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

உதாரணங்களை எக்ஸ்எஃப்சிஇ வைத்தே சொல்கிறேன், மற்ற டெஸ்க்டாப்களில் பெயர்கள் மாறும், வழி மாறாது. கட்டளைகளை எழுத்து எழுத்தாகச் சொல்லியிருக்கிறேன். பெரிய எழுத்து என்று சொல்லாத இடத்தில் எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்துதான்.

படி 1: உங்களிடம் இருப்பது என்ன?

டிஸ்ட்ரோவின் (லுபுண்டு, லினக்ஸ் மின்ட் போல நீங்கள் நிறுவிய லினக்ஸ் வகை) பெயர், அதன் பதிப்பு எண், டெஸ்க்டாப்பின் பெயர், அதன் பதிப்பு எண். இந்த நான்கும் இல்லாமல் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. மெனுவில் "அபௌட் எக்ஸ்எஃப்சிஇ" என்று தேடினால் டெஸ்க்டாப்பின் பதிப்பு தெரியும்: 4.18 வெளிவந்தது 2022 டிசம்பரில், 4.20 வெளிவந்தது 2024 டிசம்பரில்.

கணினியின் முழு ஜாதகமும் வேண்டுமென்றால் இன்க்ஸி என்று ஒரு கருவி இருக்கிறது. கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் திறக்கும். அதில் ஐ, என், எக்ஸ், ஐ என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு ஹைஃபன், பெரிய எஃப், பிறகு எக்ஸ், இஸட் என்று அடித்து என்டர் தட்டுங்கள். பிராசஸர், கிராபிக்ஸ், சவுண்டு கார்டு, வைஃபை சிப், எந்த ட்ரைவர் (பாகத்தை இயக்கும் நிரல்) ஓடுகிறது என்று எல்லாம் வரும். கடைசியில் வரும் இஸட்டை மறக்காதீர்கள். சீரியல் எண், ஐபி முகவரி, நெட்வொர்க் கார்டின் முகவரி ஆகியவற்றை மறைப்பது அதுதான், அதனால் இந்த விவரத்தைத் தைரியமாக வெளியே ஒட்டலாம். லினக்ஸ் மின்ட்டில் இருப்பவர்கள் "சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்" (புதிய பதிப்புகளில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்") என்ற நிரலைத் திறந்தாலே இதே விவரம் கிடைத்துவிடும், டெர்மினல் பக்கமே போக வேண்டாம்.

படி 2: எந்த உறுப்பு?

பட்டை மறைந்ததா? அது எக்ஸ்எஃப்சிஇ4-பேனல். விண்டோக்களின் தலைப்பில் இருக்கும் மூடும் பொத்தான், சிறிதாக்கும் பொத்தான் எல்லாம் காணோமா? அது எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4. பின்புலப் படமும் வலது கிளிக் மெனுவும் போய்விட்டால் எக்ஸ்எஃப்டெஸ்க்டாப். ஃபோல்டர்களைத் திறப்பது துனார், பாஸ்வேர்டு கேட்கும் உள்நுழைவுத் திரை பெரும்பாலும் லைட்டிஎம், வைஃபை என்றால் நெட்வொர்க்மேனேஜர்.

பட்டை விஷயத்தை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஆல்ட் விசையோடு எஃப்2 அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் எக்ஸ், எஃப், சி, இ, 4, ஹைஃபன், பிறகு பேனல் என்ற சொல், நடுவில் இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். பட்டை திரும்ப வந்துவிட்டால், நிரல் நன்றாக இருக்கிறது, ஏதோ காரணத்தால் நின்றுபோயிருந்தது என்று அர்த்தம். மறுமுறை உள்நுழையும்போதும் காணாமல் போனால், பழைய அமர்வு (முன்பு ஓடிக்கொண்டிருந்த நிரல்களின் பட்டியல்) கெட்டுப்போய்ச் சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். செட்டிங்ஸில் "செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்" திறந்து, சேமித்த அமர்வுகளை அழித்துவிட்டு வெளியேறி உள்ளே வாருங்கள். இதற்காக மொத்த லினக்ஸையும் மறுபடி நிறுவுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

சத்தத்துக்கும் இதே முறைதான். "பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல்" என்ற நிரலைத் திறந்து, ஒரு பாட்டை ஓடவிட்டு, "பிளேபேக்" பக்கத்தைப் பாருங்கள். அங்கே அளவுப் பட்டை குதித்துக்கொண்டிருந்தால் பிளேயர் சத்தத்தை அனுப்புகிறது, அது போய்ச் சேரும் இடம்தான் தப்பு. "கான்ஃபிகரேஷன்" பக்கத்துக்குப் போனால் பல நேரம் சத்தம் எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கும், மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது! ப்ரொஃபைலை மாற்றினால் முடிந்தது. பட்டை அசையவே இல்லை என்றால் கோளாறு பிளேயரிலோ அதன் அமைப்பிலோ இருக்கிறது, வேறு பிளேயரில் ஓட்டிப் பாருங்கள்.

படி 3: புதிய பயனர், லைவ் யூஎஸ்பி

இந்த இரண்டு சோதனைகளையும்தான் நான் அதிகம் நம்புகிறேன். பெரும்பாலானோர் செய்யாமல் விடுவதும் இவற்றைத்தான்.

முதலில் புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் உள்நுழையுங்கள். உங்கள் டெஸ்க்டாப் அமைப்புகள் பெரும்பாலும் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்களில் இருக்கின்றன (துனாரில் கண்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் கண்ணுக்குத் தெரியும்). புதிய கணக்கில் அவை எதுவும் இருக்காது. அங்கே பிரச்சினை இல்லை என்றால் கெட்டுப்போனது உங்கள் அமைப்புக் கோப்புதான், கணினியின் மற்ற பகுதி நன்றாக இருக்கிறது. அங்கேயும் அதே பிரச்சினை இருந்தால் கோளாறு இன்னும் ஆழத்தில்: ட்ரைவர், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), அல்லது பேக்கேஜ் (நிரலை நிறுவும் தொகுப்பு).

அமைப்புக் கோப்புதான் காரணம் என்று தெரிந்தால் அதை அழிக்காதீர்கள், பெயரை மாற்றுங்கள். கணினியை மறுதொடக்கம் செய்து, உள்நுழைவுத் திரை வந்ததும் உள்ளே போகாமல் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரையில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். அங்கே உள்நுழைந்து, எம்வி கட்டளையால் புள்ளி-கான்ஃபிக் ஃபோல்டருக்குள் இருக்கும் எக்ஸ்எஃப்சிஇ4 ஃபோல்டருக்கு வேறு பெயர் கொடுத்துவிடுங்கள்: எம், வி, இடைவெளி, புள்ளி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி, முன்சாய்வுக்கோடு, எக்ஸ், எஃப், சி, இ, 4, இடைவெளி, பிறகு புள்ளி முதல் 4 வரை மறுபடி அடித்து, அதோடு ஒட்டி ஹைஃபன், ஓ, எல், டி, என்டர். பிறகு மறுதொடக்கம் செய்து வழக்கம்போல் உள்ளே போனால் டெஸ்க்டாப் புத்தம் புதிதாக வரும், பழைய அமைப்பு வேண்டுமென்றால் அந்த ஃபோல்டரும் பத்திரமாக இருக்கும். டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்தால், நினைவகத்தில் இருக்கும் அமைப்பு வெளியேறும் நேரத்தில் மறுபடி எழுதப்பட்டுவிடலாம், அதனால்தான் இந்தச் சுற்று.

அடுத்து, லினக்ஸை நிறுவப் பயன்படுத்திய யூஎஸ்பியைச் செருகி லைவ் முறையில், அதாவது எதையும் நிறுவாமல் யூஎஸ்பியிலிருந்தே, ஓட்டிப் பாருங்கள். அதில் வைஃபையும் சத்தமும் வேலை செய்தால் வன்பொருள் நன்றாக இருக்கிறது. அதிலும் வேலை செய்யவில்லை என்றால் ட்ரைவரே இல்லாமல் இருக்கலாம், அல்லது பாகமே போயிருக்கலாம். வைஃபை ட்ரைவர் இல்லாமல் மாட்டிக்கொண்டால், ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள். கணினிக்கு இணையம் வந்துவிடும், அதை வைத்து ட்ரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

படி 4: பிழைச் செய்தியைப் பிடியுங்கள்

ஐகானைக் கிளிக் செய்தால் ஒன்றும் நடக்கவில்லையா? அதே நிரலின் பெயரை டெர்மினலில் அடித்து ஓட்டுங்கள். ஏன் ஓடவில்லை என்று அதுவே நாலு வரியில் சொல்லும். தமிழ் இடைமுகம் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்ய வேண்டும்: நிரல் பெயருக்கு முன்னால் பெரிய எழுத்தில் எல், சி, அடிக்கோடு, ஏ, எல், எல், சமக்குறி, சி என்று இடைவெளியில்லாமல் அடித்து, பிறகு ஒரு இடைவெளி விட்டு நிரலின் பெயரை அடியுங்கள். அந்த ஒரு முறை மட்டும் செய்திகள் ஆங்கிலத்தில் வரும். தமிழ்ச் செய்தியைத் தேடினால் இணையத்தில் எதுவும் அகப்படாது, ஆங்கில வரியை அப்படியே தேடினால் அகப்படும்.

கணினி முழுவதற்குமான பதிவேட்டைக் காட்டுவது ஜர்னல்சிடிஎல் கட்டளை (ஜே, ஓ, யு, ஆர், என், ஏ, எல், சி, டி, எல்). அதோடு இடைவெளி விட்டு ஹைஃபன் பி சேர்த்தால், கணினியைக் கடைசியாக இயக்கியதிலிருந்து நடந்தவை மட்டும் வரும். அதில் சிவப்பாகத் தெரிவதையெல்லாம் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நன்றாக ஓடும் கணினியிலும் சிவப்பு வரிகள் இருக்கும். உங்கள் பிரச்சினை நடந்த நேரம் எதுவோ, அந்த நிமிடத்தை ஒட்டிய வரிகளைப் பாருங்கள்.

கணினி மெதுவாக இருக்கிறது என்பதுதான் புகாரென்றால் ஃப்ரீ (எஃப், ஆர், இ, இ) என்ற கட்டளையை இடைவெளி விட்டு ஹைஃபன் எச் சேர்த்து ஓட்டுங்கள். "ஃப்ரீ" என்ற நெடுவரிசை சின்னதாக இருந்தால் கவலைப்பட வேண்டாம், சும்மா இருக்கும் நினைவகத்தை லினக்ஸ் தற்காலிகச் சேமிப்புக்கு எடுத்துக்கொள்ளும். "அவைலபிள்" என்ற நெடுவரிசைதான் கணக்கு. பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் உள்நுழைவுத் திரையே திரும்பத் திரும்ப வருகிறதா? டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று முதலில் பாருங்கள். அதே எஃப்3 கறுப்புத் திரைக்குப் போய் டி, எஃப், இடைவெளி, ஹைஃபன், எச் என்று அடித்தால் தெரியும்.

படி 5: தேடும்போது தேதியைப் பாருங்கள்

எந்தக் கட்டளைக்கும் முன்னால் மேன் (எம், ஏ, என், இடைவெளி) என்று அடித்தால் அதன் கையேடு வரும், க்யூ அழுத்தினால் மூடும். அதற்கு அப்புறம் ஆர்ச் விக்கி. ஆர்ச் லினக்ஸுக்காக எழுதியதுதான், ஆனாலும் மற்ற டிஸ்ட்ரோக்காரர்களுக்கும் அதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது. பேக்கேஜ் நிறுவும் வரிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் படியுங்கள்.

பழைய பதில்களில் கவனம் தேவை. லுபுண்டு 18.10 பதிப்பிலிருந்து எல்எக்ஸ்டிஇ என்ற பழைய டெஸ்க்டாப்பை விட்டு எல்எக்ஸ்க்யூடிக்கு மாறிவிட்டது. அதற்கு முன்னால் எழுதிய லுபுண்டு குறிப்புகளில் சொல்லும் கோப்புகளில் பல இன்று உங்கள் கணினியில் இருக்கவே இருக்காது. சத்தமும் அப்படித்தான், அதைக் கையாளும் பின்னணி நிரலில் பல டிஸ்ட்ரோக்கள் பல்ஸ்ஆடியோவிலிருந்து பைப்வயருக்கு மாறிவிட்டன. 2015ஆம் ஆண்டுப் பதிலைப் பார்த்து ஒரு கோப்பைத் திருத்தினால் ஒன்றும் ஆகாமல் போகலாம், அல்லது புதிதாக ஒரு கோளாறு சேரலாம்.

படி 6: கேட்பது

தேடியும் கிடைக்கவில்லை என்றால் தயங்காமல் உங்கள் டிஸ்ட்ரோவின் பயனர்கள் கூடும் இடத்தில் கேளுங்கள். "சத்தம் வரவில்லை, அவசரம், உதவுங்கள்" என்று எழுதினால் யாரும் உதவ முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஸுபுண்டு 24.04, எக்ஸ்எஃப்சிஇ 4.18. நேற்று அப்டேட் செய்தபின் லேப்டாப் ஸ்பீக்கரில் சத்தம் இல்லை, ஹெட்போனில் வருகிறது. வால்யூம் கண்ட்ரோலில் அளவுப் பட்டை அசைகிறது, ஸ்பீக்கர்தான் தேர்வாகியிருக்கிறது. புதிய பயனர் கணக்கிலும் இதே நிலை. லைவ் யூஎஸ்பியில் ஸ்பீக்கர் வேலை செய்கிறது. இன்க்ஸி விவரம் கீழே."

இதைப் படிப்பவருக்கு உடனே பிடிபட்டுவிடும். லைவில் வேலை செய்வதால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, புதிய கணக்கிலும் வராததால் அமைப்புக் கோப்பு காரணமில்லை, அப்டேட்டுக்குப் பிறகு வந்தது, அப்படியானால் கெர்னல் மேல்தான் முதல் சந்தேகம். கணினி தொடங்கும்போது வரும் பூட் மெனுவில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" போய் முந்தைய கெர்னலில் ஓட்டிப் பாருங்கள் என்று ஒரே வரியில் பதில் வரும். டெர்மினலில் வந்ததை எழுத்தாகவே ஒட்டுங்கள், படம் பிடித்துப் போட்டால் அந்த வரியை யாரும் எடுத்துத் தேட முடியாது.

படி 7: பதில் வந்தபின்

சூடோ என்று தொடங்கும் கட்டளை உங்கள் கணினியின் எந்த மூலையையும் மாற்றக்கூடியது. அதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்று மேன் பக்கத்தில் பார்க்காமல் ஓட்டாதீர்கள், புரியவில்லை என்றால் சொன்னவரையே கேளுங்கள், நல்ல மனதோடு சொன்னவர் விளக்குவார். ஆர்எம் கட்டளை கோப்புகளை அழிப்பது, குப்பைத் தொட்டிக்கு அனுப்பாது. இணையத்திலிருந்து ஸ்கிரிப்டை இறக்கி நேராக சூடோவோடு ஓட்டச் சொல்லும் வரி என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பெரிய மாற்றத்துக்கு முன் டைம்ஷிப்ட் என்ற காப்புநகல் நிரலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அது வழக்கமாக ஹோம் ஃபோல்டரை நகலெடுக்காது, உங்கள் படங்களையும் ஆவணங்களையும் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ஐந்து பேர் சொன்ன ஐந்து வழிகளையும் ஒரே மூச்சில் செய்துவிட்டால் எது சரி செய்தது என்றும் தெரியாது, எது கெடுத்தது என்றும் தெரியாது. சரியானதும் எந்த வழி வேலை செய்தது என்று கேட்ட இடத்திலேயே எழுதுங்கள், அதே பிரச்சினையோடு அடுத்து வருகிறவருக்கு அதுதான் பதில்.

இது நிரலின் வழுவேதான் (பக், நிரலிலேயே உள்ள பிழை) என்று உறுதியானால் முதலில் உங்கள் டிஸ்ட்ரோவின் வழுப்பதிவில் பதியுங்கள். டிஸ்ட்ரோவுக்கு மட்டும் உரியதில்லை என்று தெரிந்தால், அந்த டெஸ்க்டாப்பை எழுதுகிறவர்களிடமே பதியலாம்: எக்ஸ்எஃப்சிஇக்குத் தனியாக ஒரு கிட்லேப் தளம் இருக்கிறது, எல்எக்ஸ்க்யூடிக்குக் கிட்ஹப். அங்கே ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. பேனல் வழுவைப் பேனல் பகுதியிலும் துனார் வழுவைத் துனார் பகுதியிலும், பதிப்பு எண்ணோடும் அந்த வழுவைத் திரும்ப வரவழைக்கும் படிகளோடும் பதியுங்கள்.