வார்டில் நம்பிக்கை போன பிறகு இன்சார்ஜ் சிஸ்டர்கள் செய்யும் தவறுகள்

சண்டையும் சச்சரவுமாக இருந்த ஒரு வார்டுக்கு இன்சார்ஜாகப் போகிற சிஸ்டர் பெரும்பாலும் முதல் வாரமே ஒரு மீட்டிங் போடுவார். "நாம எல்லாரும் ஒரே குடும்பம், பழசை மறந்துடுவோம்" என்பார். டீ, சமோசா வரும். எல்லோரும் தலையாட்டிவிட்டு வெளியே வந்ததும், "அடுத்த மாச டூட்டி ரோஸ்டர் பார்த்தியா?" என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

யாருக்கு நைட் அதிகம், தீபாவளிக்கு யார் வீட்டில் இருந்தார் என்ற கணக்கு ஒவ்வொருவர் மனதிலும் இருக்கும். அதைத் தொடாமல் குடும்பம் என்று பேசினால் எரிச்சல்தான் கூடும். முந்தைய 3 மாத ரோஸ்டரை எடுத்து, யார் எத்தனை நைட், எத்தனை பண்டிகை டூட்டி பார்த்தார்கள் என்று எண்ணி போர்டில் ஒட்டுங்கள். செல்லப்பிள்ளை யார் என்பது தானாகத் தெரிந்துவிடும். உங்களுக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை.

அடுத்தது, தப்பு நடந்தால் "யார் டூட்டி?" என்று ஆரம்பிப்பது. நான் அதிகம் பார்த்ததும், வார்டை அதிகம் கெடுத்ததும் இதுதான். நம் ஊரில் இன்சுலின் வயல் (மருந்துக் குப்பி) மில்லிக்கு 40 யூனிட்டிலும் வருகிறது, 100 யூனிட்டிலும் வருகிறது. சிரிஞ்சும் அப்படியே: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், நோயாளிக்குள் போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! நைட்டில் தனியாக 40 நோயாளிகளைப் பார்க்கும் பெண்ணுக்கு இது நடக்கலாம். மெமோ கொடுத்தால் அவர் அழுவார், மற்றவர்கள் அடுத்த தப்பை மறைப்பார்கள். இரண்டு சிரிஞ்சும் ஒரே டிராயரில் ஏன் கிடந்தன என்று கேட்டால் அந்த டிராயராவது சரியாகும்.

அமெரிக்காவில் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் 2 மருத்துவமனைகளின் 8 பிரிவுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகளோ அங்கேதான் அதிகமாக இருந்தன. அங்கே தவறை வெளியே சொல்லப் பயமில்லை என்பதே காரணமாகத் தெரிந்தது. ஆகவே, "எங்க வார்டுல ஒரு இன்சிடென்ட் ரிப்போர்ட்கூட இல்ல" என்று யாராவது பெருமைப்பட்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

நோயாளியின் கட்டில் பக்கத்தில் வைத்துத் திட்டுவது பற்றி நீட்ட வேண்டியதில்லை. நோயாளிக்குத் துணையாக இருக்கும் அட்டெண்டர் காதில் விழும்படி திட்டிவிட்டு, அப்புறம் ரூமுக்குக் கூப்பிட்டுச் சமாதானம் பேசினால் ஒட்டாது. யார் யார் முன்னால் திட்டினீர்களோ, அவர்கள் முன்னாலேயே "நான் பேசினது தப்பு" என்று சொல்லிவிடுங்கள்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய்தான். பக்கத்தில் அதே வேலையை நிரந்தரப் பணியாளர் பார்ப்பார். சம்பளத்தை இன்சார்ஜ் மாற்ற முடியாது. ஆனால் ஆள் பற்றாத வார்டுக்கெல்லாம் எப்போதும் ஒப்பந்தச் சிஸ்டரையே அனுப்புவது அவர் கையெழுத்தில்தான் நடக்கிறது.

காதில் வந்து ஓதும் ஒருவரை வைத்துக்கொண்டு வார்டை நடத்துவதும் வேண்டாம். அவர் யார் என்று எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும்.

இதையெல்லாம் சரிசெய்தாலும் சில மாதங்கள் உங்களை வேடிக்கைதான் பார்ப்பார்கள். பிறகு ஒருநாள் காலை, நைட் சிஸ்டர் அடுத்த ஷிஃப்டிடம் ஓவர் கொடுக்கும்போது (டூட்டியை ஒப்படைக்கும்போது), "சிஸ்டர், 6-ஆம் பெட் ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரம் லேட்டா போட்டேன்" என்று தயங்கிச் சொல்வார். மூன்று பேர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "சரிம்மா, போட்ட நேரத்தைக் கேஸ் ஷீட்ல எழுதிடு, டூட்டி டாக்டர்கிட்டயும் சொல்லிடு. அடுத்தது 7-ஆம் பெட்" என்று நகருங்கள்.